புளியமரத்திலிருந்து குளக்கரை வரை

எங்கள் நைனா துலுக்கானம் சைக்கிள் ஓட்டியே சம்பாதித்த மனுஷன். சைக்கிளில் சாமான் விற்றோ, சைக்கிளை வாடகைக்கு விட்டோ அல்ல. பந்தயத்தில் ஓட்டுவதற்கென்றே ஒரு கடைக்காரர் அவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில், அதுவும் ஒரு சேரியிலிருந்து, அப்படி ஒரு உத்தியோகமா என்று கேட்கிறவர்கள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும். ஜெயித்த கோப்பைகள் எல்லாம் கடைக்காரரின் கண்ணாடி அலமாரியில் இருந்தன. எங்கள் வீட்டில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஜெயித்ததைப் பற்றி அவர் பேசவும் மாட்டார். அவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு ஆசை இருந்தது. பிறந்த ஊரின் தெருவில், புளியமரத்திலிருந்து குளக்கரை வரைக்கும், சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தபடி ஓட்டிக்கொண்டு போகவேண்டும். மொத்தம் இருநூறு தப்படி தூரம். சென்னைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் மூச்சு வாங்காமல் போய்த் திரும்பிய மனுஷனுக்கு இது ஒரு தூரமா என்று கேட்பீர்கள். நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

ஊர் கீழத்தாங்கல். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. பூந்தமல்லிப் பக்கமிருந்து வந்தால் முதலில் புளியமரம், அப்புறம் கோயில், கோயிலுக்கு எதிரில் மணியக்காரர் ஜம்புலிங்கத்தின் மாடிவீடு, வரிசையாகப் பண்ணைக்காரர் வீடுகள், கடைசியில் குளக்கரை. குளத்தைத் தாண்டி ஆவடிப் பக்கமாக எங்கள் சேரி. சேரி ஜனங்கள் அந்தத் தெருவில் நடந்தால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். செருப்புப் போட்டு நடந்த ஒரு பெரியப்பனைப் புளியமரத்தில் கட்டிவைத்த கதை எங்கள் ஜனங்களில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சைக்கிள் என்பது சீமையிலிருந்து கப்பலில் வந்த சாமான். அது ஊருக்குள் நுழைந்த அன்றைக்கே அதற்கும் ஒரு சட்டம் தயாராக இருந்தது. புளியமரத்தில் இறங்கவேண்டும், தள்ளிக்கொண்டே நடக்கவேண்டும், பெல் அடிக்கக்கூடாது, குளக்கரை தாண்டிய பிறகு ஏறிக்கொள்ளலாம்.

சேரியில் முதல் சைக்கிள் நைனாவுடையதுதான். அவருடைய தாய்மாமன் நாகப்பன் சூளையில் ஜட்கா வண்டி ஓட்டினார். குதிரைக்குப் பச்சைப்புல் வேண்டும். கீழத்தாங்கல் வரப்புகளில் புல்லுக்குப் பஞ்சமில்லை. ஒரு பழைய சைக்கிளை வாங்கிக் கொடுத்து, தினமும் விடியற்காலையில் புல் அறுத்துக் கட்டிக்கொண்டு சூளைக்கு வரவேண்டும் என்று மருமகனை ஏற்பாடு செய்துவிட்டார். அப்போது நைனாவுக்குப் பதினாறு வயது. காலையில் குளக்கரையில் இறங்கிப் புளியமரத்தில் ஏறுவார். மதியம் புளியமரத்தில் இறங்கிக் குளக்கரையில் ஏறுவார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, வருஷக்கணக்காக.

ஆவடி ரோடு வழியாகச் சுற்றிப் போனால் மூன்று மைல் அதிகம், ஆனால் இறங்கவேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் அம்மா இதைச் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் பெயர் சொர்ணம், பருத்திப்பட்டுப் பக்கம் பிறந்தவள்.

"ஏன்யா, சுத்திக்கினு போனா இன்னா?"

"நான் ஏன் சுத்தணும்? அது என் ஊரு."

அந்த ஊர் யாருடையது என்று அம்மா திருப்பிக் கேட்கவில்லையாம். புது மருமகள் அல்லவா, வாயை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

கடைக்காரர் விஷயம் அந்தக் கல்யாணத்துக்கு மறுவருஷம் நடந்தது. பிராட்வேயில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் ஜெயராமன். தன் கடைச் சைக்கிள்தான் உசத்தி என்று காட்ட, பந்தயம் ஓட்டுவதற்கு ஆள் வைத்திருந்தார். அந்த ஆள் ஒருநாள் காலை பூந்தமல்லி ரோட்டில் ஓட்டிப் பழகிக்கொண்டிருக்க, முதலாளி பின்னால் காரில் வந்துகொண்டிருந்தார். வேலப்பன்சாவடி அருகே புல்லுக்கட்டு ஒன்று அவர்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு போனது. கட்டுக்குக் கீழே இரண்டு கால் மட்டும்தான் தெரிந்தது என்று அவர் பின்னாளில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாராம். காரை முன்னால் விட்டு மறித்தார்.

"இந்தாப்பா, எறங்கு. இன்னா பேரு ஒனக்கு?"

"துலுக்கானம், சாமி."

"சாமி கோயில்ல கீது. புல்லு எம்மாங் கனம்?"

"மூணு மணங்கு இருக்கும்."

"மூணு மணங்கைத் தூக்கிக்கினு எதுக்கு இந்த ஓட்டம்?"

"வெயில் ஏறிச்சின்னா புல்லு வாடிப்பூடும். வாடின புல்லை குதிர மோந்து பாத்துட்டு மூஞ்சைத் திருப்பிக்கும். அப்பாலிக்கா மாமன் என் மூஞ்சைத் திருப்புவாரு."

அடுத்த மாதமே நைனா கடை ஆளாகிவிட்டார். கைப்பிடி கீழ்நோக்கி வளைந்த பந்தய சைக்கிள் ஒன்று கொடுத்தார்கள். பெல் கிடையாது, மட்கார்டு கிடையாது, ஒரு கையால் தூக்கிவிடலாம். மூன்று மணங்கு ஏற்றி மிதித்துப் பழகிய காலுக்கு அது காற்று மாதிரி இருந்தது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று ஜெயராமன் மெச்சினார். எழும்பூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்பும் பந்தயத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து நைனாதான் முதல். ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள், ரயில்வேக்காரர்கள், போலீஸ்காரர்கள் எல்லாரும் பின்னால்தான். மவுண்ட் ரோட்டில் நடந்தால் சைக்கிள்காரர்கள் நிறுத்திக் கைகொடுப்பார்கள். மாலையோடு ஊர் திரும்புவார். புளியமரம் வந்ததும் இறங்குவார். மாலையைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தள்ளுவார்.

இதை அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீ ஒண்ணும் கேக்கலியா?" என்பேன். "கேட்டு இன்னா ஆவப்போவுது? அந்தாளு மூஞ்சியப் பாத்தாலே தெரியும்" என்பாள்.

முப்பத்தேழாம் வருஷம் அந்தப் பந்தயம் வந்தது. பட்டணத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்தினார்கள். எழும்பூரில் புறப்பட்டு வேலப்பன்சாவடி, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும் எழும்பூருக்கே வரவேண்டும். முதலில் வருகிறவனைப் பம்பாயில் நடக்கிற பெரிய பந்தயத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. ஆனால் நைனாவுக்குத் தூக்கம் போனது பம்பாயால் அல்ல. அந்த வருஷ மழையில் பெரிய ரோட்டு மதகு உடைந்து கிடந்தது. அதனால் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் பந்தயத்தைக் கீழத்தாங்கல் தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள். தாலுகா ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. தெருவில் மாடு, வண்டி எதுவும் நிற்கக்கூடாது. பாதை காட்டப் புளியமரத்தடியில் மணியக்காரரே கொடி பிடித்து நிற்கவேண்டும்.

சிரிப்பாக இருக்கிறதல்லவா. எந்தத் தெருவில் நைனா இறங்கவேண்டுமோ அந்தத் தெருவில் அவர் இறங்காமல் போவதற்குச் சர்க்காரே உத்தரவு போட்டுவிட்டது. எந்த மனுஷருக்கு முன்னால் இறங்குவாரோ அந்த மனுஷரே கொடியை ஆட்டிப் போ போ என்று சொல்லவேண்டும்.

முதல் நாள் நைனா அம்மாவிடம் சொன்னார். "சொர்ணம், நாளைக்கு எல்லாரையும் இட்டுக்கினு குளக்கரைக்கு இந்தாண்ட வந்து நில்லு. நான் ஒக்காந்துகினு வருவேன். கண்ணால பாரு."

சேரியே திரண்டு நின்றது. தெருவுக்குள் போகமுடியாது, ஆனால் குளக்கரை மேட்டிலிருந்து பார்த்தால் புளியமரம் வரை நேராகத் தெரியும். அம்மா அன்றைக்குக் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டாளாம். காலை எட்டு மணி இருக்கும். திருப்பத்தில் முதலில் வந்த சைக்கிள் நைனாவுடையதுதான். முதுகில் ஏழாம் நம்பர் துணி. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஆள் இல்லை. மரத்தடியில் மணியக்காரர் ஜம்புலிங்கம், தலைப்பாகை கட்டி, கையில் பச்சைக் கொடி.

மரத்தடிக்கு வந்ததும் நைனாவின் வலதுகால் சீட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது.

இறங்கிவிட்டார். பிரேக் பிடிக்கவேண்டும் என்று நினைக்கவில்லை, இறங்கவேண்டும் என்றும் நினைக்கவில்லை. இடதுகை கைப்பிடியில் இருக்க, வலதுகை தோளுக்குப் போய்த் துண்டைத் தேடியதாம். பந்தயம் ஓட்டுகிறவன் தோளில் துண்டு ஏது. அப்போதுதான் அவருக்கே தான் நிற்பது தெரிந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொட்டிலில் தானாக வந்த பழக்கமும் இல்லை, அடித்துப் பழக்கியது.

மணியக்காரர் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர் பதறிப்போனார். தாலுகா ஆபீஸ் ஆட்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னாடா துலுக்கானம், எறங்கிட்டே? ஏறிப் போடா. தொரைங்க பாக்கறாங்கடா."

அவரே ஏறச் சொல்கிறார். ஆனாலும் நைனாவால் அவர் முன்னால் காலைத் தூக்கிச் சீட்டின் மேல் போடமுடியவில்லை.  கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினார். இருநூறு தப்படியும் ஓட்டமாக ஓடினார். பின்னால் வந்த நாலுபேர், ஒருவர் பின் ஒருவராக, உட்கார்ந்தபடி அவரைத் தாண்டிப் போனார்கள். குளக்கரை மேட்டில் எங்கள் ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். அம்மாவுக்கு மூன்றடி தூரத்தில்தான் ஏறினார். அவள் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஓட்டியது ஓட்டமா, வெறியா என்று தெரியாது. அம்பத்தூர் தாண்டுவதற்குள் மூன்று பேரைப் பிடித்துவிட்டார். எழும்பூரில் முதலில் வந்தவனுக்கும் இவருக்கும் நடுவில் இரண்டு சைக்கிள் நீளம்தான் இடைவெளி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பம்பாய்க்கு, முதலில் வந்த ரயில்வேப் பையன் போனான்.

"இன்னாப்பா ஆச்சு?" என்று ஜெயராமன் கேட்டார்.

"செயின் கழண்டுக்கிச்சு, மொதலாளி."

செயின் கழன்றால் கையெல்லாம் கருப்பாகியிருக்கும். நைனாவின் கை சுத்தமாக இருந்தது. ஜெயராமன் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷர் என்று நைனா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

வீட்டில் அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"காலு தானா எறங்கிடிச்சி, சொர்ணம்."

"அது ஒன் காலா, அவங்க காலா?"

 பிசைந்த சோறு பிசைந்தபடி இருந்தது. அப்படிக் கேட்டிருக்கக்கூடாது என்று அம்மா சாகும்வரை வருத்தப்பட்டாள். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்கவேண்டிய கேள்விதான். யாரைக் கேட்கவேண்டுமோ அந்த ஆள்தான் மரத்தடியில் கொடியோடு நின்றிருந்தார்.

அதற்குப் பிறகும் நைனா நாலைந்து வருஷம் கடைக்கு ஓட்டினார், ஜெயித்தார். ஆனால் மனசு முழுக்க அந்த மதகிலேயே இருந்தது. அது மறுபடி உடைந்தால் பந்தயம் மறுபடி தெரு வழியாக வரும் அல்லவா. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் குடையை எடுத்துக்கொண்டு மதகைப் பார்க்கப் போய்விடுவார். சர்க்கார் என்ஜினீயர் அந்தத் தடவை கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து யானை போனாலும் அசையாதபடி கட்டிவிட்டார்.

"இன்னா, மதகு சவுக்கியமா?" என்று அம்மா கேட்பாள்.

"கல்லு மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு ஈரத்துண்டைப் பிழிவார். ஊரில் எல்லாரும் மதகு உடையக்கூடாது என்று வேண்டிக்கொள்ள, எங்கள் வீட்டில் மட்டும் ஒரு மனுஷர் மழையைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தார். பந்தயம் இல்லாத நாளில் அவராகவே தெருவில் ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்றால், புளியமரத்தில் இன்னும் கயிறு கட்ட இடம் இருந்தது.

யுத்தம் வந்தது. டயருக்குப் பஞ்சம் வந்தது, பந்தயங்கள் நின்றன. ஜெயராமன் கடையைச் சுருக்கிக்கொண்டு, பந்தய சைக்கிளை வாங்கிக்கொண்டு, தன் கடையிலிருந்து ஒரு சாதாரண சைக்கிளைக் கொடுத்து நைனாவை அனுப்பினார். அதில் கேரியர் இருந்தது, பெல்லும் இருந்தது. பிறகு நாற்பத்து மூன்றில் ஆவடியைச் சுற்றிப் பட்டாளத்துக்கு நிலம் எடுத்தார்கள். கீழத்தாங்கலும் அதில் போனது. முப்பது நாளில் காலி செய்யவேண்டும் என்று தமுக்கு அடித்தார்கள். மணியக்காரர் குடும்பம் ஏழு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் போனது. பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். போக்கிடம் இல்லாத எங்கள் சேரிதான் கடைசி. நைனா கள்ளிக்குப்பத்தில் ஒரு குடிசை பார்த்துவைத்திருந்தார்.

கிளம்பவேண்டிய நாள் காலையில் நைனா குளித்து, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டார்.

"சொர்ணம், வா. கேரியர்ல ஒக்காரு."

"எங்க?"

"ஊர்த் தெருவுக்கு. இன்னிக்கி விட்டா இல்ல. சாயந்திரம் முள்ளுக்கம்பி போட்டுடுவாங்க."

அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம், வயிற்றில் நான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நூறு காரணம் இருந்தது. ஒன்றையும் சொல்லாமல் ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருக்கிற குளக்கரை வழியாக நைனா போகவில்லை. பந்தயத்தில் வந்தமாதிரியே வரவேண்டும் என்று ஆவடி ரோட்டில் ஏறி, பெரிய ரோட்டில் சுற்றி, அந்தப் பாழாய்ப்போன மதகின் மேலேயே ஏறி இறங்கி, புளியமரத் திருப்பத்துக்கு வந்தார். நல்ல வேகம் என்று அம்மா சொல்லுவாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மணியக்காரர் வீட்டுக் கதவைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

மரத்தடிக்கு வந்ததும் சைக்கிள் நின்றது. அம்மா கண்ணைத் திறந்தபோது நைனா தரையில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஆள் இருந்ததால் வலதுகாலைக் கைப்பிடிப் பக்கமாக, கம்பிக்கு மேலே தூக்கி இறங்கியிருக்கிறார். துண்டு இடுப்புக்கு வந்திருந்தது.

"யாரும் இல்லய்யா" என்றாள் அம்மா. "ஏறு."

நைனா ஏறிப் பார்த்தார். பெடலில் பாதத்தை வைத்து இரண்டு தடவை எம்பினார். கால் கம்பியைத் தாண்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"முடியல, சொர்ணம். நீயும் எறங்கு. தள்ளிக்கினு போயிடலாம்."

"நான் எறங்க மாட்டேன்."

"சொன்னா கேளு."

"புள்ளத்தாச்சிய எறக்கி நடக்க உடுவியா? நான் எறங்க மாட்டேன். தள்ளு."

நைனா தள்ளினார். அம்மா அந்தத் தெருவில் உட்கார்ந்தபடி போனாள். கால்மேல் கால் போட்டுக்கொண்டாள் என்று ஒருதரம் சொல்வாள், இல்லை என்று இன்னொருதரம் சொல்வாள். மணியக்காரர் வீட்டுக்கு எதிரில் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"பெல் அடி."

நைனா கட்டைவிரலை வைத்து அடித்தார். கதவில்லாத வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தமே திரும்பி வந்தது. "இன்னொருவாட்டி" என்றாள். இன்னொருதரம் அடித்தார். அப்புறம் அவர் அழுதார் என்றும், தான் அழவில்லை என்றும் அம்மா சொல்வாள். குளக்கரை வரைக்கும் அவள் இறங்கவே இல்லை. எங்கள் ஜனங்களில் அந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போனது அவள் ஒருத்திதான். என்னையும் சேர்த்தால் இரண்டு பேர்.

அன்று சாயந்திரமே முள்கம்பி போட்டார்கள். தெரு உள்ளே போய்விட்டது. மரத்தை வெட்டினார்கள், வீடுகளை இடித்துக் கொட்டகை போட்டார்கள் என்று கேள்வி. நைனா கள்ளிக்குப்பத்தில் சைக்கிள் ரிப்பேர் பார்த்து எங்களைக் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆவடி வரைக்கும் போய், அந்த வேலி ஓரமாக ஒரு நடை ஓட்டிவிட்டுத் திரும்பி வருவார். எழுபது வயதுவரைக்கும் போனார். காவல்காரனிடம் ஒருதரம், உள்ளே ஒரு தெரு இருந்ததே, அதில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க விடுவீர்களா என்று கேட்டிருக்கிறார். அவன் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

அப்படிப் போய்த் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கையில் அம்மா ஆறுதலாகச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"உடுய்யா. இவளும் நானும் ஒக்காந்துகினுதானே போனோம். அது ஒனக்குச் சேராதா?"

நைனா என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்து, என் தலைமேல் கை வைத்தார்.

"சேரும்" என்றார். பிறகு தன் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஆனா நான் ஓட்டலயே."